குண்டலப்பேரியின் சதுர அடி

குண்டலப்பேரிக்காரர்களைப் பற்றி ஊருக்குள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறை கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரும் அந்த ஊரில் பிறக்கவில்லை.

அங்கே பேராச்சி என்றொரு அம்மாள். ஓட்டைக் கூரைக்குக் கீழே இரண்டு மழைக்காலத்தைத் தள்ளிவிட்டாள். மூன்றாவது மழைக்குக் கூரை நிற்காது. அதற்குள் சொந்த மனையில் வீடு கட்டிவிட வேண்டும் என்று அனுமதி கேட்டாள். அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் கட்டணம் எவ்வளவு என்று பஞ்சாயத்துக்குத் தெரியவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: 'பக்கத்து ஊர்களில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்த்து, ஒப்பிட்டு, கட்டணத்தை முடிவு செய்யவும். அதிகாரி வந்து அனுமதியில் கையெழுத்திடுவார்.'

தலைவர் வெயிலுமுத்து, எழுத்தர் சங்கரபாண்டி, உறுப்பினர் நெல்லையா மூவரும் புறப்பட்டார்கள். 'பார்த்து' என்றுதான் எழுதியிருக்கிறது, யாரிடமும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வடக்குப்பேரி ஆபீஸ் சுவரில், 'வீடு கட்ட: சதுர அடிக்கு எட்டு ரூபாய்' என்றிருந்தது. தெற்குப்பேரியில் ஐந்து ரூபாய்.

"வீடு கட்டுறவனப் போட்டு அடிக்காங்கவே. அடிச்சிட்டு, அடிக்கு எட்டு ரூவா வேற வாங்குதாங்க," என்றார் தலைவர்.

"தெக்குப்பேரியில அஞ்சுதான். மெதுவா அடிப்பாங்களா இருக்கும்," என்றார் நெல்லையா.

"அதென்ன அண்ணாச்சி, சதுர அடி?" என்று சங்கரபாண்டி கேட்டார்.

"கம்பால அடிச்சா கம்பு மாதிரி விழும். சதுரமா விழணும்னா பலகையாலதான் அடிக்கணும்," என்றார் தலைவர்.

கைப்பிடி வைத்து மூன்று சதுரப் பலகைகள் செய்யச் சொன்னார்கள். பேராச்சியைக் கூப்பிட்டு, அவளுக்கு வெளியூர்க் கொத்தனார் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்தால், நானூறு சதுர அடி!

பேராச்சி ஒரு பலகையைத் தூக்கிக் கனம் பார்த்தாள். ஆனாலும் வீட்டு ஆசை விடவில்லை. "பத்து, இருவதுன்னா பல்லக் கடிச்சிட்டு வாங்கிக்கிடுவேன். நானூறு தாங்குமாய்யா இந்த ஒடம்பு?"

சங்கரபாண்டி காகிதத்தை மறுபடி படித்தார். "பயப்படாதீங்கக்கா. 'மனையின் அளவு நானூறு சதுர அடி'ன்னுதான் இருக்கு. ஒங்க அளவுன்னு போடல."

அப்படியானால் அடி மனைக்குத்தான். எல்லாருக்கும் உயிர் வந்தது. மறுநாள் காலையில் மூவரும் மனையில் இறங்கி அடித்தார்கள். இருநூற்றுப் பதினேழாவது அடியில் நெல்லையா தும்மி எண்ணிக்கை தவறியதால், தலைவர் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். நியாயமான மனுஷர். சாயங்காலத்துக்குள் தரை களம் போல இறுகிவிட்டது. பேராச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூவருக்கும் சொம்பு சொம்பாக மோர் ஊற்றினாள்.

"அடிச்சதுக்குக் காசும் வாங்குறது பாவம்லா?" என்றார் தலைவர். உடனே கட்டணம் முடிவாகி, ஊர் எல்லையில் போர்டு ஏறியது: 'வடக்குப்பேரியில் அடிக்கு எட்டு ரூபாய். தெற்குப்பேரியில் ஐந்து ரூபாய். குண்டலப்பேரியில் அடி இலவசம். வெளியூர்க்காரர்களுக்கும் உண்டு.'

அதிகாரி ஜீப்பில் வந்தார். போர்டைப் படித்தார். அதன் பக்கத்தில் வரவேற்பதற்காக மூன்று பேர் பலகையோடு நிற்பதையும் பார்த்தார். ஜீப் வந்த வேகத்திலேயே பின்னால் போனது.

"காசு கேப்போம்னு பயந்துட்டாருவே!" என்று தலைவர் பதறினார். மூவரும் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துரத்தினார்கள். "சார், நில்லுங்க! ஒங்களுக்கும் இலவசந்தான் சார்!"

அனுமதிக் காகிதத்தை நீட்டிக்கொண்டு பேராச்சியும் ஓடினாள். ஜீப் சேற்றில் சிக்கி ஒரு நிமிஷம் திணறியது. அதிகாரி ஜன்னல் வழியே காகிதத்தைப் பிடுங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டு வீசிவிட்டுப் பறந்தார்.

பேராச்சி அனுமதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தலைவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "இவ்வளவு தூரம் வந்த மனுசன், ஒரு அடிகூட வாங்காமப் போயிட்டாரே!"

"நான் நன்றி மறப்பேனா தலைவரே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட பேராச்சி, அவர் கையிலிருந்த பலகையை வாங்கி இடுக்கிக்கொண்டாள். "அவரு வீட்டு விலாசத்தச் சொல்லுங்க. நானே நேர்ல போயி குடுத்துட்டு வாரேன்."