சும்மா வாங்க

"சும்மா வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் நீங்கள் கையில் என்ன எடுத்துக்கொண்டு போவீர்கள்?

ஒரு சீப்பு வாழைப்பழம். அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அப்படித்தானே?

கோமதிநாயகம் ஒன்றுமே எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தாறு. சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வீட்டில் மனைவி செண்பகவல்லி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மா.

மூன்று நாளில் திரும்பிவிடுவேன் என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அது பொய். திரும்புகிற எண்ணமே அவருக்கு இல்லை.

ஏணிப்பாறை மலையின் அடிவாரத்தில் இசக்கியம்மாள் குடியிருந்தாள். காவி கிடையாது, சடைமுடி கிடையாது. ஓர் ஓலைக் குடிசை, நாலு ஆடு, பழைய பட்டன் போன் ஒன்று. மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள்; பஸ் டிரைவரே அவள் குடிசைக்கு வழி சொல்லி இறக்கிவிடுவார். இரண்டு நாள் இருந்து, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, அவள் சொல்கிற நாலு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, தெளிந்து போவார்கள்.

அவரைவிட ஆறு வயது இளையவள். அவர் அவளைத் "தாயி" என்றார். அவள் அவரை "அண்ணாச்சி" என்றாள்.

"தாயி, சம்சாரத்தை இறக்கி வச்சிட்டு வந்துட்டேன். இனிமே என்னால தூக்க முடியாது. என்னை உங்க சீடனா வச்சுக்கிடுவீயளா?"

"வச்சுக்கிட நீங்க என்ன ஆட்டுக்குட்டியா?"

"வெளையாடாதீங்க தாயி. நீங்க முடியாதுன்னா வேற எங்கயாவது போவேன். வீட்டுக்கு மட்டும் போவ மாட்டேன்."

இசக்கியம்மாள் ஆட்டுக்குக் கழுநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் மலைக்குப் போறேன். சாயங்காலம் இறங்கிருவேன். சும்மா வாங்க, பேசிக்கிட்டே போவோம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

கோமதிநாயகம் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சும்மா!

பெரிய பெரிய ஞானிகள் எல்லாம் கடைசியில் இந்த ஒரு சொல்லில்தானே போய் நின்றார்கள்? எதையும் வைத்துக்கொள்ளாதே, எதையும் பிடித்துக்கொள்ளாதே, சும்மா வா என்கிறாள். ஆட்டுக்குக் கழுநீர் ஊற்றுகிற கையோடு எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டாள்!

அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

செண்பகம் ஒரு பை கட்டிக் கொடுத்திருந்தாள். துண்டு, தண்ணீர் பாட்டில், பிரஷர் மாத்திரை, ஒரு டப்பா முறுக்கு. அதை அப்படியே குடிசையின் மூலையில் வைத்தார். போனை அணைத்து அதற்குள் போட்டார். செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் விட்டார்.

விடிந்ததும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்து நின்றார்.

"பை எங்க அண்ணாச்சி?"

"இல்ல தாயி."

"தண்ணி?"

அதற்குச் சிரித்தார்.

"செருப்பாவது போட்டுட்டு வாங்க."

"நீங்கதானே சும்மா வரச் சொன்னீய?"

இசக்கியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை மாதிரி அப்படி ஒரு பூரிப்பு.

"சரி, வாங்க," என்று நடந்தாள்.

அவள் இடுப்பில் பட்டன் போன் செருகியிருந்தது, தோளில் ஒரு காக்கித் துணிப்பை தொங்கியது. பையின் வயிறு புடைத்திருந்தது. கோமதிநாயகத்துக்கு மனசுக்குள் கொஞ்சம் சங்கடம்தான். ஒரு நாள் போய்வர இத்தனையா? இவ்வளவு தெரிந்தவளுக்கு இன்னும் இந்தப் பை விடவில்லையே என்று குருவுக்காக இரக்கப்பட்டார்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது.

"பாரமில்லாம நடக்கதே ஒரு தியானம்தான், தாயி."

"ம்."

"தோளு லேசானா மனசும் லேசாயிருது பாத்தீயளா?"

"ம்."

வெயில் ஏறியது. பேச்சு ஒரு இடத்தில் கரகரத்து நின்றது.

"தாயி… கொஞ்சம் தண்ணி?"

பையிலிருந்து பாட்டில் வந்தது. அண்ணாந்து குடித்தார். பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் போனது. திருப்பிக் கொடுத்தபோது பாட்டிலில் கால்வாசி இருந்தது. இசக்கியம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் மூடி வைத்தாள்.

தண்ணீர் வற்றிச் சேறாய்க் கிடந்த ஓடையைத் தாண்டும்போது அட்டை ஏறியது. ஒன்றல்ல, ஏழெட்டு. கோமதிநாயகம் ஒற்றைக் காலில் குதித்தார். அந்த ஞானிகள் யார் காலிலும் அட்டை ஏறியதில்லை போலிருக்கிறது.

"ஆடாம நில்லுங்க அண்ணாச்சி. கரகாட்டமா ஆடுதீய?"

பையிலிருந்து ஓர் உப்பு முடிச்சு வந்தது. வைத்த இடத்தில் எல்லாம் அட்டை சுருண்டு விழுந்தது.

"உங்க காலுல ஏறலியா தாயி?"

"ஏறாம? உங்களோடத முடிச்சிட்டுப் பாக்கேன்."

அவரோடதை முடித்தபோது முடிச்சில் உப்பு இல்லை. தன் காலில் இருந்ததை நகத்தால் வழித்து எறிந்துவிட்டு நடந்தாள்.

அதற்கு மேலே முள்ளுக்காடு. பாதையெல்லாம் காய்ந்த முள். கோமதிநாயகம் ஓர் அடி வைத்தார், "ஸ்ஸ்" என்றார். இன்னோர் அடி வைத்தார், நின்றுவிட்டார்.

இசக்கியம்மாள் தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டாள்.

"போட்டுக்கிடுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு மலை பழக்கம்."

"பொம்பளைச் செருப்புல்லா தாயி இது?"

"முள்ளுக்கு அது தெரியாது."

போட்டுக்கொண்டார். குதிகால் இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. பட்டையில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் பூ வேறு. நாலு அடி கூச்சமாக இருந்தது. ஐந்தாவது அடியில் பழகிவிட்டது. பழகினதும் பேச்சும் திரும்பி வந்துவிட்டது.

"பாருங்க தாயி, வரும்போது ஒண்ணுமே கொண்டு வரல. எதாவது கொறஞ்சுதா? அதான் ரகசியம். நாம விட்டுட்டா, எல்லாம் தானா நடக்குது."

முன்னால் போன இசக்கியம்மாள் ஒரு நொடி நின்றாள். பிறகு நடந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுக்கிட்டுத்தான் வாரேன்."

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சுனை வற்றிக் கிடந்தது. வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறு. ஒரு ஆளுக்குக் கட்டினது. நடுவில் கோடு கிழித்தாள். கோடு நடுவில் விழவில்லை, அவள் பக்கம் சாய்ந்து விழுந்தது.

கோமதிநாயகம் தன் பங்கை வழித்துச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு தாயி. உப்புதான் ஒரு கல்லு கம்மி."

"அது அட்டைக்குப் போயிட்டுல்லா."

பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரையும் அவருக்கே நீட்டினாள். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க தாயி. என்னைச் சீடனா ஏத்துக்கிடுவீயளா?"

"கீழ போறதுக்குள்ள சொல்லிருதேன்."

இறங்கினார்கள். வெள்ளைப் பாறைச் சரிவு. அவள் முன்னால், அவர் பின்னால்.

பாறையில் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தது. அவர் ஒதுங்கிக் கால் வைத்தார். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"வெத்தலையப் போட்டுத் துப்பி வச்சிருக்கானுவ. மலையில வந்து செய்யுத வேலையா தாயி இது?"

"ம்."

இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

எல்லாம் இடது பக்கமாகவே இருந்தன. ஓரடி விட்டு ஓரடி.

குனிந்து தொட்டுப் பார்த்தார். ஈரம்.

தலையைத் தூக்கினார். பையைச் சுமந்துகொண்டு இசக்கியம்மாள் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய இடது குதிகால் தரையைத் தொடவே இல்லை.

"தாயி, நில்லுங்க. காலுல என்ன?"

"முள்ளு."

"எப்ப?"

"ஏறும்போதே."

"ஏறும்போதேயா? சொல்லலியே தாயி!"

"நீங்க பாரமில்லாத நடையப் பத்திப் பேசிக்கிட்டு வந்தீய. கேக்க நல்லா இருந்துச்சு. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் ஓடி வந்து அவளை மறித்தார்.

"உக்காருங்க… நான் எடுத்து விடுதேன். ஊக்கு எதாவது இருக்கா?"

"பைக்குள்ள பாருங்க."

அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பைக்குள் கையை விட்டார். காலிப் பாட்டில். அவிழ்ந்த உப்புத் துணி. சுருட்டின வாழையிலை. அடியில் ஒரு பழைய துணியில் ஊக்கு குத்தியிருந்தது. அது ஒன்றுதான் இன்னும் அவருக்குச் செலவாகாமல் இருந்தது.

அவள் காலை மடியில் வைத்துக்கொண்டார். முடி மாதிரிச் செம்புக் கம்பியை நாள் முழுக்கச் சுற்றுகிற விரல்கள். ஊக்கு முனையால் முள்ளைத் தேடின.

முள் வந்தது. ஒரு நெல் நீளம் இருந்தது.

"வலிக்கலியா தாயி?"

"வலிக்காம?"

"பின்ன ஏன் ஒரு சத்தம்கூடப் போடல?"

"போட்டா? நீங்களா தூக்கிட்டுப் போவீய?"

கோமதிநாயகம் அந்தக் காலை விடவில்லை. துணியைக் கிழித்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"செண்பகமும் இப்படித்தான் நடக்கா."

"எப்படி?"

"ஒரு பக்கமா. குதிகால ஊனாம. ஆவணியில இருந்து."

"காலுல என்ன?"

அவர் மாதத்தை எண்ணிப் பார்த்தார். ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியும் பாதி போயிருந்தது.

"கேட்டதில்ல தாயி."

இசக்கியம்மாள் காலை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அவர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். காலியாக இருந்தாலும் மாட்டிக்கொண்டார். வெறுங்காலோடு முன்னால் இறங்கினார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் முள்ளு கிடக்கு."

"தெரியுது தாயி. நீங்க இந்தக் கல்லுல கால வைங்க."

ஒவ்வொரு இறக்கத்திலும் நின்று கையைக் கொடுத்தார். அவள் இறங்கினதும்தான் அடுத்த அடி வைத்தார். பேச்சே இல்லை. அப்படிப் போனதால் நேரமானது.

கடைசி வளைவில் அடிவாரம் தெரிந்தது. ஆலமரத்தடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு பஸ் நின்றது. சங்கரன்கோவில் போகிற அஞ்சரை பஸ். அதை விட்டால் மறுநாள் காலையில்தான். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, நேத்திலிருந்து என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கீயளே, பதில் சொல்லட்டா?"

கோமதிநாயகம் பஸ்ஸைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குக் கையை மட்டும் நீட்டினார்.

"அது கிடக்கட்டும் தாயி. அந்த டிரைவரு உங்களுக்குத் தெரிஞ்சவருதானே? ஒரு போன் போட்டு, கால் மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."