பண்டிதர் கற்ற முதல் சொல்

மலைப்பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் பாடப்புத்தகம் வேண்டுமா என்று பார்த்து அரசுக்கு அறிக்கை எழுத, காராளிமலை ஏறினார் பண்டிதர் தாண்டவராயர். பெட்டியைச் சுமந்து வந்தவள் அந்த மலையிலேயே பிறந்த நஞ்சி.

பாறையில் உட்கார்ந்து, “உன் மொழியில ஏதாவது சொல்லு, பார்ப்போம்” என்றார் அவர்.

நஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கை உருட்டி, கடைசியில் சீழ்க்கைபோல் இழுத்து, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

பண்டிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “இது மொழியா? குருவிச் சத்தம்! இதுக்கு அர்த்தம் உண்டுன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா புத்தகம் தேவையில்லைன்னு எழுதிடுவேன்.”

எதிர்ச்சரிவில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்து நஞ்சி அதே சொல்லை உரக்கச் சொன்னாள். நாத்தனார் மடியில் இருந்த உப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ரத்தம் கசிந்திருந்த பண்டிதரின் கால்சட்டையைச் சுருட்டி உப்பைத் தூவினாள். கட்டைவிரல் பருமனில் ஓர் அட்டை சுருண்டு விழுந்தது.

“ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று அலறினார் பண்டிதர்.

“உங்ககிட்டதானே ஐயா முதல்ல சொன்னேன்!”

பண்டிதர் அந்தச் சொல்லை எழுத நோட்டைத் திறந்தார். நஞ்சி குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி அதே சொல்லைச் சொன்னாள்.

நோட்டு ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம் பறக்க, மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார் பண்டிதர்.