ஈரத்தில் தேய்ந்த பூச்சு

“ஆறு வருஷம் வீணாகிவிட்டது, மேடம்,” என்றார் தணிகைநாதன்.

ராபியா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் உராய்வு ஆய்வுக்கூடத்தில் அவர்தான் ஆசிரியர், தணிகைநாதன் மாணவர்.

செயற்கைக்கோளின் சூரியப் பலகை விரிய ஒரு கீல் வேண்டும். விண்வெளியில் எண்ணெய் நிற்காது. அதனால் தணிகைநாதன் கீலுக்கு மாலிப்டினம் என்ற உலோகத்தின் சேர்மத்தால் உலர்ந்த பூச்சு ஒன்று செய்திருந்தார்.

வெற்றிடத்தில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. கடலோர ஏவுதளத்தின் ஈரக்காற்றில் மூன்றே நாளில் தேய்ந்தது. கீல் இறுகினால் பலகை விரியாது. செயற்கைக்கோளே செத்துப்போகும்.

ராபியா கழித்துப் போட்ட மாதிரிகளின் அலமாரியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்தார்.

“இது?”

“முன்பு இங்கே என்னோடு வேலை பார்த்த அற்புதராஜ் செய்தது. கிராஃபைட் பூச்சு. வெற்றிடத்தில் பொடியாக உதிர்ந்தது. நான்தான் உதவாது என்று எழுதினேன்.”

“ஈரத்தில்?”

தணிகைநாதன் அதைச் சோதித்ததே இல்லை.

அன்றே சோதனையைத் தொடங்கினார். ஒரு வாரம் ஓடியும் தகட்டில் கீறல் விழவில்லை. கிராஃபைட்டை வழுக்க வைப்பதே ஈரம்தான்.

அற்புதராஜ் அப்போது தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தணிகைநாதன் பஸ் ஏறிப் போனார். என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் பயம்.

அற்புதராஜ் பழையதைப் பேசவில்லை. சாப்பிடச் சொன்னார். தன் மூன்று நோட்டுகளையும் எடுத்து வைத்தார். பிறகு நீண்ட லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். இரண்டு பொருளையும் ஒரே பூச்சாகக் கலக்க இருவருக்கும் எட்டு மாதம் ஆயிற்று.

புதிய பூச்சு ஈரக்காற்றில் முப்பது நாள் தாங்கியது. அதே கீலை வெற்றிடத்தில் வைத்தார்கள். அங்கேயும் ஓடியது.

அற்புதராஜ் ஊர் திரும்பிய பிறகு, தணிகைநாதன் ஆய்வுக் கட்டுரையோடு ஆசிரியரிடம் வந்தார். யோசனை தந்ததற்குக் கைகூப்பினார். பிறகு தயங்கினார்.

“யார் பெயரை முதலில் போடுவது, மேடம்?”

“பூச்சில் எது மேலே இருக்கிறது, சார்?”

“ஈரம் இருந்தால் உராய உராய கிராஃபைட் மேலே வரும். ஈரம் இல்லாவிட்டால் மற்றது…”

தணிகைநாதன் நிறுத்திக்கொண்டார். தாளில் இரண்டு பெயரையும் அகர வரிசையில் எழுதினார்.

பிறகு போனை எடுத்தார்.

“அற்புதராஜ், அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.”