வேங்கைக் காப்பு

தத்தை அம்மையின் மடம் மலையடிவாரத்தில், ஆறு திரும்பும் இடத்தில் இருந்தது. எலும்பு முறிந்தவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பெண்கள் வருவார்கள். இன்ன நோய் என்று சொல்லத் தெரியாதவர்களும் வருவார்கள். அம்மை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

போர் முடிந்த ஆண்டில் கொற்றன் அங்கே வந்தான். அம்மையைவிட வயதில் மிகவும் மூத்தவன். வாசலை அடைக்கிற உடம்பு. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவனுடைய இடது தோளில் வேங்கை முகம் பொறித்த வெண்கலக் காப்பு இருந்தது. நாட்டில் குழந்தைகளுக்குக்கூட அந்தக் காப்பைத் தெரியும். அதன் உள்பக்கத்தில் மயிரிழை போன்ற ஊசிகள் தோலில் பதிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய குப்பி. வேங்கையின் தலையைத் திருகினால் குப்பியில் உள்ள மருந்து ஊசிகள் வழியே இரத்தத்தில் இறங்கும். இறங்கியதும் கோட்டைச் சுவர் சிறு மண்திட்டு போலத் தெரியும். வாள் வெட்டினாலும் வலிக்காது. பயம் என்ற ஒன்றே இருக்காது. அரண்மனை வைத்தியர்கள் அதைச் செய்து, தேர்ந்தெடுத்த சில வீரர்களுக்கு மட்டும் பூட்டினார்கள். அவர்களில் உயிரோடு திரும்பியவன் கொற்றன் ஒருவன்தான்.

"என்ன வேண்டும்?" என்று அம்மை கேட்டார்.

"மருந்து வேண்டும். போர் முடிந்ததும் அரண்மனையில் நிறுத்திவிட்டார்கள். குப்பியில் ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது. உங்களுக்கு அந்த வேர் தெரியும் என்றார்கள்."

"தெரியும்."

"செய்து தருவீர்களா?"

"போர்தான் முடிந்துவிட்டதே. எதற்கு?"

கொற்றன் தன் கையைப் பார்த்தான். "மருந்து இல்லாவிட்டால் படி ஏறவே மூச்சு வாங்குகிறது. யாராவது கதவைச் சாத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஊரில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என் தோளைத்தான் பார்க்கிறார்கள். அம்மையே, இதைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது யார்?"

அம்மை, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

கொற்றன் அங்கேயே தங்கிவிட்டான். நடுங்கும் கையால் விறகு பிளந்தான். அரைக்குடம் அரைக்குடமாகத் தண்ணீர் சுமந்தான். பிளந்த விறகு கோணலாக இருக்கும். சுமந்த தண்ணீர் பாதி வழியில் சிந்திவிடும். ஆனாலும் அம்மை நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டும் வேலையையும் அவனிடம் கொடுத்தார். கரண்டி நடுங்கியது. நோயாளிகள் வாயைக் கரண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

காப்பை மட்டும் அவன் கழற்றவில்லை. குளிக்கும்போதும் தோளில் இருந்தது.

அடிக்கடி அதே கேள்வியைக் கேட்பான். "இது இல்லாமல் நான் யார்?"

"அடுப்பில் கஞ்சி இருக்கிறது, கொஞ்சம் கிளறிவிடுங்கள்" என்பார் அம்மை.

ஒருநாள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை கேட்பது? ஏதாவது ஒரு பதில் சொல்லக் கூடாதா?"

"நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லையே, கொற்றரே" என்றார் அம்மை.

மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மலையன் என்ற தேனெடுப்பவன் மடத்து வாசலில் வந்து விழுந்தான். உடம்பெல்லாம் சேறு. வழியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது.

"என் வீட்டுக்காரிக்கு வலி கண்டிருக்கிறது தாயே. இரவெல்லாம் துடிக்கிறாள். குழந்தை வரவில்லை."

அம்மை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொற்றனைப் பார்த்து, "வருகிறீர்களா?" என்றார்.

மூவரும் ஏறினார்கள். மலையன் ஒரு கழியை ஊன்றி நொண்டிக்கொண்டே வந்தான். இரு என்று சொல்லியும் கேட்கவில்லை. வழி ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பள்ளம். கொற்றன் அடிக்கடி நின்று மூச்சு வாங்கினான்.

மலையனின் குடிசை சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் மனைவி சாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்துக் கடித்து இரத்தம் கட்டியிருந்தது. அம்மை அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் தொட்டுப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கொற்றனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "குழந்தை குறுக்கே கிடக்கிறது. திருப்ப வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது."

"இங்கேயே செய்ய முடியாதா?"

அம்மை குடிசையின் பின்பக்கத்தைக் காட்டினார். மேட்டு மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கொற்றனின் வலது கை தானாகக் காப்புக்குப் போனது. "நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறேன். நீங்கள் பின்னால் வாருங்கள். இறக்கம்தானே, ஒரே ஓட்டத்தில் மடத்துக்குப் போய்விடலாம். இதற்காகத்தான் கடைசி மருந்தை வைத்திருந்தேன் போலிருக்கிறது."

"வலி வரும்போது அவள் உடம்பு குலுங்கக் கூடாது. ஒவ்வொரு வலிக்கும் நிற்க வேண்டும். அது அடங்கிய பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்" என்றார் அம்மை. "மருந்து இறங்கிவிட்டால், முதுகில் இருப்பவளுக்கு வலிப்பது உங்களுக்குத் தெரியுமா?"

கொற்றன் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மழையில் நின்றபடியே காப்பைக் கழற்றினான். பல ஆண்டுகள் வெயில் படாத தோல் வளையம் போல வெளுத்துத் தெரிந்தது. ஊசி பதிந்த இடங்களில் இரத்தம் பொடித்தது. காப்பை அம்மையின் கையில் கொடுத்தான்.

மலையன் தேன்குடம் சுமக்கும் மூங்கில் இருக்கையைக் கொண்டுவந்தான். அதில் சாத்தியை உட்காரவைத்துத் துணியால் கட்டினார்கள். இருக்கையின் கயிறுகளைக் கொற்றன் தோளில் மாட்டிக்கொண்டான்; அவள் முதுகு அவன் முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தான். பாரம் அவனைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு கணம் ஆடி, பிறகு நிலைகொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணா, நில்லுங்கள்" என்றாள் சாத்தி.

நின்றான். அவள் முதுகு கல் போல இறுகியது. மூச்சு துண்டு துண்டாக வந்தது. அந்த இறுக்கம் அவனுடைய முதுகெலும்பு முழுவதும் இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல விட்டது.

"போகலாம் அண்ணா."

மறுபடியும் நடந்தான். மறுபடியும் நின்றான். சில வலிகள் போன பிறகு அவள் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இறுகத் தொடங்கும்போதே அவன் கால் நின்றுவிட்டது. அகலமான பாறை வந்த இடங்களில் அவளை இறக்கி வைத்தான். இறக்கி வைத்ததும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். தோளில் கயிறு அறுத்திருந்தது.

"அண்ணா, ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். சும்மா வந்தால் பயமாக இருக்கிறது" என்றாள்.

கொற்றனுக்குப் பேச்சு வராது. பத்தடி யோசித்துக்கொண்டே நடந்தான். "எனக்கு எயினன் என்று ஒரு தோழன்" என்று தொடங்கினான். "வாளுக்குப் பயப்பட மாட்டான். யானைக்குப் பயப்பட மாட்டான். அட்டைக்குப் பயப்படுவான்."

"அட்டைக்கா?"

"காலில் ஒன்று ஏறினால் போதும், குதிப்பான். ஒருமுறை பகைவர் பாசறைக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்தோம். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. இவன் 'ஐயோ அட்டை!' என்று கத்திவிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஓட்டம்தான். அவர்கள் விட்ட அம்பெல்லாம் எங்கள் பின்னால். அப்போதும் ஓடிக்கொண்டே காலைத்தான் தட்டுகிறான்."

சாத்தி சிரித்தாள். சிரிப்பு அவன் முதுகில் அதிர்ந்தது. பின்னால் நொண்டிக்கொண்டு வந்த மலையனும் சிரித்தான்.

"அவர் இப்போது எங்கே அண்ணா?"

கொற்றன் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

"மலையிலேயே தங்கிவிட்டான்."

"நம் மலையிலா?"

"வேறு மலை, தங்கச்சி."

அவள் முதுகு இறுகத் தொடங்கியது. அவன் நின்றான்.

பாதிக்கு மேல் இறங்கியதும் ஓர் ஓடை குறுக்கே வந்தது. காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது தொடையைத் தொட்டது. கொற்றன் இறங்கினான். நடு ஓடையில் அவன் கால் புரண்டது. ஒரு முழங்கால் பாறையில் மோதியது. இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டான். எழ முயன்றான். முடியவில்லை.

மலையன் கழியைப் போட்டுவிட்டு இருக்கையை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தான். தண்ணீர் சாத்தியின் காலை நனைத்தது.

"அம்மையே" என்றான் கொற்றன். "காப்பைக் கொடுங்கள்."

அம்மை தயங்கவில்லை. மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவன் கையைத் தூக்கினான். அப்போது அவன் முதுகில் அது தொடங்கியது. முதலில் இடுப்பருகே ஒரு துடிப்பு. பிறகு இறுக்கம். இதுவரை வந்ததைவிடப் பெரியதாக இருந்தது. சாத்தி கத்தவில்லை. கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். அவன் காது அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கையைக் கொற்றன் மறுபடி தண்ணீருக்குள் ஊன்றினான். அசையாமல் இருந்தான். ஓடை அவனைத் தள்ளியது. முழங்காலில் பட்ட அடி இப்போதுதான் முழுவதுமாக வலிக்கத் தொடங்கியது. அவன் காதும் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வலி அடங்கியது. பிடி தளர்ந்தது.

"போகலாமா அண்ணா?" என்றாள்.

"போகலாம்."

மலையன் ஒரு பக்கம் தூக்கினான். அம்மை காப்பை மடியில் சொருகிக்கொண்டு இன்னொரு பக்கம் தூக்கினார். கொற்றன் எழுந்தான்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. சாத்தியை உள்ளே படுக்கவைத்தார்கள். வெந்நீர் கொதித்தது. அம்மை கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

"குழந்தையைத் திருப்பும்போது தாங்க மாட்டாள். களைத்துப்போயிருக்கிறாள். குப்பியில் இருக்கும் மருந்தில் சில துளிகள் கொடுத்தால் வலி மங்கும். அதில் நீர் கலப்பேன், தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் வராது. ஆனால் குப்பியை உடைத்தால் மீதியைத் திரும்ப அடைக்க முடியாது" என்றார். "உங்களுடையது. தருவீர்களா?"

கொற்றன் காப்பை வாங்கினான். வேங்கையின் தலையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. வாசல் கல்லில் வைத்துத் தட்டிப் பிளந்தான். குப்பியை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினான்.

பிறகு காத்திருந்தார்கள். மலையன் வாசலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொற்றன் அவனுடைய கணுக்காலை மடியில் எடுத்து வைத்துப் பச்சிலை வைத்துக் கட்டினான். கட்டு கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

உள்ளே அழுகுரல் கேட்டது. சின்னக் குரல்தான். மலையன் எழுந்து ஒற்றைக் காலில் உள்ளே ஓடினான்.

சிறிது நேரம் கழித்து அம்மை வந்தார். "பெண் குழந்தை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள்" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தோடு கொற்றனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கயிறு அறுத்த தோளில் எண்ணெய் தடவினார். அவன் முகத்தைச் சுளித்தான்.

"வலிக்கிறதா?"

"வலிக்கிறது."

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கொற்றன் திரும்பாமலே பேசினான்.

"கணவாயிலிருந்து எயினனை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வயிற்றில் வேல் பாய்ந்திருந்தது. காப்பைத் திருகிக்கொண்டு ஓடினேன். எங்கும் நிற்கவில்லை. அதைப் பாட்டாகக் கட்டி ஊர் ஊராகப் பாடுகிறார்கள், அம்மையே. கீழே வந்து இறக்கி வைத்தேன். உடம்பு சில்லென்று இருந்தது."

அம்மையின் கை நின்றது.

"எந்த இடத்தில் போனான் என்று எனக்குத் தெரியாது. என் முதுகில்தான் இருந்தான். எனக்குத் தெரியவில்லை." அவன் குரல் தாழ்ந்தது. "இன்று இந்தப் பெண் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்தது. அவள் மூச்சு ஒவ்வொன்றும் தெரிந்தது. அவனும் என்னைக் கூப்பிட்டிருப்பானா? கொஞ்சம் நில் என்று கேட்டிருப்பானா?"

"கேட்டிருக்கலாம்" என்றார் அம்மை.

கொற்றன் அழுதான். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது. அம்மை அவன் முதுகில் உள்ளங்கையை வைத்து, அது அடங்கும்வரை எடுக்காமல் இருந்தார்.

உள்ளேயிருந்து சாத்தியின் குரல் வந்தது. களைத்துப்போன, மிக மெல்லிய குரல். "அண்ணா..."

கொற்றன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆனால் எழவில்லை.

"கூப்பிடுகிறாள். கேட்கிறதா?" என்றார் அம்மை.

"கேட்கிறது."

"அப்படியானால் போங்கள்."