இதரச் செலவுப் பானை

காட்டுக் குளம் தூர்ந்து போயிருந்தது. மழைக்கு முன்னால் தூர் வாராவிட்டால் தண்ணீர் நிற்க இடமில்லை. விலங்குகள் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு கூடை கொட்டை வசூல் செய்தன. மயில் தலைவர், கரடி பொருளாளர்.

கரடி ஒரு கொட்டையைக்கூட வாயில் போட்டதில்லை. ஆனால் மகா சோம்பேறி! கூலி வாங்குபவர்கள் ஒவ்வொரு கூடைக்கும் ஓர் அடையாளம் தருவார்கள். மண் தோண்டும் முள்ளம்பன்றி ஒரு முள் தரும். மாலை கட்டும் தூக்கணாங்குருவி ஒரு நார் தரும். வரவேற்புப் பாடும் சில்வண்டு, தான் உரித்துப் போட்ட தோல் சட்டையைத் தரும். கரடி எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு மூடிவிடும்.

"எதற்குச் செலவு?" என்று கேட்டால், "இதரச் செலவு!" என்று கொட்டாவி விடும்.

ஒருநாள் கூடைகள் எல்லாம் காலி. குளமோ கொக்கின் முழங்கால் ஆழம்கூட இல்லை. கூட்டம் கூடியது.

"கரடியார் வயிற்றைப் பாருங்கள்! கணக்கு அங்கேதான் இருக்கிறது!" என்றது மயில்.

"திருடன்! காட்டை விட்டுத் துரத்துங்கள்!" என்று கூட்டம் கத்தியது.

"நான் எடுக்கலைங்க... எல்லாம் இதரச் செலவுங்க..." என்று கரடி அழுதது.

குளத்து நண்டு முன்னால் வந்தது. "தண்ணி இல்லேன்னா முதல்ல காயப்போறது என் வளைதான். கரடியைத் துரத்தினா குளம் ஆழமாயிடுமா? பானையைக் கவிழுங்க!"

நண்டு கொடுக்கால் ஒவ்வொன்றாய்ப் பிரித்தது. முள் தனி, சட்டை தனி, நார் தனி. மூன்றையும் கூட்டினால் வசூலான கூடைகளுக்குச் சரியாக இருந்தது. கரடி திருடவில்லை! ஆனால் முள் ஒரு கைப்பிடிதான். சட்டை அதைவிடக் கொஞ்சம் அதிகம். நார்க் குவியலுக்குப் பின்னால் நண்டே தெரியவில்லை.

"அம்மாடி! இத்தனை மாலை யாருக்கு?" என்று கேட்டது நண்டு.

"தலைவருக்குத்தான்!" என்றது குருவி. "வேலை ஆரம்பிச்சதுக்கு ஒரு மாலை. அவர் வந்து பார்த்ததுக்கு ஒண்ணு. பார்த்துட்டுத் திரும்பிப் போனதுக்கு ஒண்ணு!"

விரித்த தோகையை மயில் மெல்லச் சுருட்டிக்கொண்டது. "இவ்வளவு ஆகும்னு எனக்கே தெரியாதே! கரடியாரே, மன்னிச்சிடுங்க. இனி ஒரு பூகூட வேண்டாம்!"

மயிலே வீடு வீடாகப் போய் மறுபடி வசூலித்தது. கரடி, வேலைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மூன்று பானை வைத்தது. இந்த முறை முள் பானை மட்டுமே நிறைந்தது. மழை வந்தது. குளம் ததும்பியது. நண்டு வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் அது கூத்தாடியது.

"நம் பொருளாளருக்கு ஒரு மாலை போடுவோமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஐயையோ!" என்று கரடி துள்ளி எழுந்தது. "அந்தப் பானை காலியாவே இருக்கட்டும், விட்டுடுங்க!"

எது எதற்குச் செலவானது என்று வகை பிரித்து வைத்தால்தான், வீண் செலவும் வெளியே தெரியும், நல்லவன் பெயரும் கெடாமல் இருக்கும்.