வெள்ளச்சி அடைத்த பின்வாசல்

ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் வெள்ளச்சி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு ஒரு வளையில் குடியிருந்தது. வளைக்கு இரண்டு வாசல். முன்வாசல் வந்து போக. பின்வாசல் ஆபத்து வந்தால் தப்பி ஓட.

முன்வாசலை வெள்ளச்சி தினமும் மூன்று தடவை பெருக்கும். ஒரு சருகு கிடக்காது.

"அடடா, வாசலா இது! பளிங்கு!" என்று மயில் மெச்சும். வெள்ளச்சிக்குத் தலைகால் புரியாது.

பெருக்கிய குப்பையெல்லாம் எங்கே போனது? ஈரப்புல், புழுக்கை, அழுகின கிழங்குத் தோல் எல்லாவற்றையும் பின்வாசலில் தள்ளி அமுக்கிவிடும். அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? மேனியெல்லாம் பகட்டாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்!

ஒருநாள் சாணவண்டு ஒன்று வந்தது. "அக்கா, பின்னால ஒரே நாத்தம். நாங்க கொஞ்சம் கொஞ்சமா உருட்டிட்டுப் போகட்டுமா?"

"என் வீட்லயா நாத்தம்? யாரைப் பார்த்து என்ன பேசுற! போ வெளியே!" வெள்ளச்சி காலை உதறியது. வண்டு தூரப் போய் விழுந்தது.

மறுநாள் காலை. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. முன்வாசலில் புஸ்புஸ்ஸென்று மூச்சுச் சத்தம். நரி!

"புழுக்கைகூட இல்லாத வாசலைப் பார்த்து ஆளில்லாத வளைன்னுதான் நினைச்சேன், வெள்ளச்சி! பின்பக்கத்து நாத்தம்தான் என்னை இங்க கூட்டிட்டு வந்துச்சு!" என்று நரி பரபரவென்று மண்ணைத் தோண்டியது.

வெள்ளச்சி குட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஐயோ, வழியே இல்லை! மேலே முட்டும் வரை குப்பை! தானே அடைத்த குப்பை!

"அம்மா, நரி மூக்கு தெரியுது!" கடைக்குட்டி அலறியது.

குப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அக்கா, இங்க தோண்டுங்க! நீங்க திட்டினாலும் நானும் எங்க சனமும் ராத்திரியே வெளியிலேர்ந்து பாதியை உருட்டிட்டோம்!"

அதே வண்டு!

வெள்ளச்சி நாற்றத்தைப் பார்க்கவில்லை. முட்டி மோதித் தோண்டியது. குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. கடைசியில் தாயும் விழுந்தது. மிச்சக் குப்பை, பின்னாலேயே வளைக்குள் புகுந்து வந்த நரியின் கண்ணில் சரிந்தது. நரி தும்மிக்கொண்டே ஓடிப்போனது.

கிளையிலிருந்து மயில் பதறியது. "ஐயய்யே! யாருடி நீ, இவ்வளவு அசிங்கமா?"

வெள்ளச்சி வெட்கத்தோடு வண்டைப் பார்த்துத் தலைகுனிந்தது.

நாலு பேர் பார்க்கும் இடத்தை மட்டும் பெருக்கினால், பார்க்காத இடத்து அழுக்கு பகைவனையும் கூட்டி வரும், தப்பிக்கும் வழியையும் அடைத்துவிடும்.