கஸ்பார் கேட்ட மன்னிப்பு

மன்னார் வளைகுடாவில், நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு எண்ணெய் மாற்ற ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. கலெக்டர் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதன் மேலாளர் எழுந்தார்.

"பத்து நாள் ஆய்வு செய்தோம். அங்கே திமிங்கிலமும் இல்லை, டால்பினும் இல்லை. உண்டென்பவர்கள் இங்கேயே நிரூபிக்கட்டும்."

மீனவர்களிடம் காட்டச் சான்று எதுவும் இல்லை. எண்ணெய் கசிந்தால், மூச்சுவிட மேலே வரும் அந்த உயிர்களின் கதி அவர்களுக்குத் தெரியும்.

கம்பெனியின் ஆய்வுப் படகை ஓட்டிய கஸ்பார் கைகட்டி எழுந்தார்.

"கலெக்டரம்மா, ஆறு நாள் வேலை பத்து நாள் இழுத்தது என்னாலதான். எல்லார் முன்னாலயும் சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

மேலாளருக்கு உள்ளம் குளிர்ந்தது.

"உண்மைதான் மேடம். சொல்பேச்சுக் கேட்காத ஆள். டால்பின் குட்டியோடு குறுக்கே வந்தால் போதும், எஞ்சினை நிறுத்திவிடுவான். ஒவ்வொரு கூட்டமும் கடந்து போகும்வரை நாங்கள் காத்துக்கிடக்க முடியுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கலெக்டர் ஆய்வறிக்கையை மூடிவைத்து, அனுமதி தரக்கூடாது என்று குறிப்பெழுதினார்.

வேலை போய்விட்டதென்று கஸ்பாருக்குத் தெரியும். படகுச் சாவியை மேலாளர் முன் மெதுவாக வைத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் நடந்தார்.